அடகுச் சீட்டில் அரசு

புதுச்சேரியில் கல்வி நிதியுதவி என்று ஒன்று உண்டு. ஏழைத் தாய்மார்கள் அரசுக்குக் கொடுப்பது.

நம்பாதவர்கள் கணக்குப் பாருங்கள். மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகப் பிள்ளைக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. பெருந்தலைவர் காமராஜர் பெயரில் உள்ள திட்டத்தில் கட்டணத்துக்கு அரசு உதவும் என்கிறார்கள். கல்லூரியோ, "முதல்ல நீங்க கட்டிடுங்க, அரசுப் பணம் வந்ததும் வாங்கிக்கலாம்" என்கிறது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. வருடம் போகிறது. நிலுவையைக் கேட்டுப் பெற்றோர் சங்கங்கள் தெருவுக்கு வருகின்றன. பணம் வருவதில்லை, வட்டி மட்டும் மாதம் தவறாமல் போகிறது. அரசுக்குக் கடனும் கொடுத்து அதற்கு வட்டியும் தானே கட்டும் தாராளம் எந்த வங்கிக்கு உண்டு? இதற்குக் காமராஜர் பெயர்! வறுமையால் படிப்பை விட்டவர், சோறு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தவர். அவரை ஏன் ஐயா அடகுக் கடை வாசலில் நிறுத்துகிறீர்கள்?

கடன் வாங்குகிறவர்தானே விண்ணப்பிக்க வேண்டும்? அரசே, வா. வரிசையில் நில்.

முதலில் பூர்வீகச் சான்று. நீ கற்றுக்கொடுத்ததுதான். ஆதிதிராவிடர் பிள்ளை வந்தால், 1964-ல் பட்டியல் சாதியினர் ஆணை வந்தபோது உன் குடும்பம் எல்லைக்குள் இருந்ததா என்று கேட்கிறாய். இல்லையென்றால் 'குடிபெயர்ந்தோர்' என்று தள்ளிவைக்கிறாய். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் துண்டுதுண்டாகப் பிய்த்துக்கொண்ட எல்லை இது. சில இடங்களில் தெருவின் ஒரு சாரி புதுச்சேரி, மறு சாரி தமிழ்நாடு. எதிர்ச்சாரியில் அரசுப் பள்ளியில் படித்த பெண் 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். இந்தச் சாரிப் பெண் பரணில் ஏறித் தாத்தாவின் பத்திரத்தைத் தேடுகிறாள். நீ எப்போது வந்தாய்? 1954-ல் கைமாறினாய், சட்டப்படி இந்தியாவானது 1962 ஆகஸ்ட் 16-ல். எங்கள் தாத்தாவைவிட நீ இளையவன். போகட்டும், இரண்டு வருடத்தில் தப்பித்தாய்.

அடுத்து இருப்பிடச் சான்று. துணைநிலை ஆளுநர் மாளிகையா, சட்டமன்றமா, டெல்லி உள்துறையா? 2019-ல் முதல் இரண்டும் பாரதி பூங்காவை ஒட்டி, கூப்பிடு தூரத்தில் இருந்தன. அந்தத் தூரத்தைக் கோப்பு கடக்கவில்லை என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர் நாராயணசாமியே கறுப்புச் சட்டையோடு துணைநிலை ஆளுநர் கிரண் பேடியின் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார். முதலமைச்சருக்கே நடுத்தெருதான் கவுன்டர் என்றால், முத்தியால்பேட்டை மாணவி எந்த ஜன்னலைத் தட்டுவாள்?

வருமானச் சான்றில் கலால் வரவை மறைக்காதே. வார இறுதியில் வண்டி கட்டி வரும் வெளியூர்க்காரனிடம் எந்த மதுக்கடையும் பூர்வீகம் கேட்டதில்லை.

ஜாமீன் கையெழுத்து டெல்லி போட வேண்டும். மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் எத்தனை தீர்மானம் அனுப்பியும் விழாத கையெழுத்து. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துமா ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையை இப்படி அலையவிடுகிறாய்?

கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. அந்த நாகரிகம் எங்களுக்கும் உண்டு. உன் காகிதம் எதையும் பிடித்துவைக்க மாட்டோம். அசலைக்கூட அடுத்த தேர்தலுக்குள் கொடு. இந்த மாத வட்டியை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் கடையில் கட்டிவிடு, வளையல் ஏலத்துக்குப் போகிறது.