திருகோணமலையார் வெளிநாடு செல்கையில் நிகழும் பின்னோக்கு நகர்வு: ஓர் ஆய்வு

இரண்டு ஊர்களுக்கு இடையிலான வான்வழித் தூரம் என்பது, பூகோள உருண்டையின்மேல் இழுத்துப் பிடித்த நூலின் நீளம். இந்த வரைவிலக்கணத்தில் அறிஞர்களுக்குள் பிணக்கில்லை. நூலின் ஒரு முனையைத் திருகோணமலையில் கட்டும்போதுதான் சிக்கல் விழுகிறது.

நூற்கணக்குப்படி சீனக்குடா விமானத் தளத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 500 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்தோ 650. ரொறன்ரோவும் அப்படியே: 14,000 கிலோமீற்றர் வரும் அந்தத் தூரத்தில், கட்டுநாயக்காவைவிட நம்மூர் நூறு கிலோமீற்றர் கிட்ட. அப்படியிருந்தும், வடக்கே இருக்கும் சென்னைக்குக் கூறைப்புடைவை எடுக்கக் கிளம்பும் உவர்மலைக் குடும்பம், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று தென்மேற்கே ஓடுகிறது. போகும் ஊர் போதியளவு தள்ளிப்போன பிறகே விமானத்தில் ஏற்றுகிறார்கள். இதற்கே யாம் பின்னோக்கு நகர்வு எனப் பெயரிட்டோம்.

இனிக் காலம். சென்னைக்குப் பறக்கும் நேரம் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் கட்டுநாயக்காவில் மூன்று மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும். அங்கு போக வானில் ஆறு மணித்தியாலம். இதன்மேல் யானைக் காலம் என்றொன்று உண்டு. ஹபரணைப் பக்கம் இரவில் யானை றோட்டுக்கு வரும் என்பது மெய். அது எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பதைக் கணிக்கும் அதிகாரம் வீட்டின் மூத்த பெண்ணிடமே இருக்கிறது. "ஆனை நிண்டா என்ன செய்யிறது? இப்பவே வெளிக்கிடுங்கோ!" என்று அவர் சொன்னதும் புறப்பாடு இரண்டு மணித்தியாலம் முன்னே நகர்கிறது. மிச்சப்பட்ட அந்த இரண்டும் பெட்டியைத் திரும்ப நிறுத்து, கூடிப்போன நெத்தலிக் கருவாட்டுப் பொட்டலத்தை வெளியே எடுத்து, வேறு பெட்டிக்குள் திணிப்பதில் கழிகின்றன. பயணி ஒருவர், ஏற்றிவிட வானில் வருவோர் எட்டுப் பேர்.

"சீனக்குடாவிலேயே ஓடுபாதை இருக்கிறதே?" என்பார் எதிர்வாதி. இருக்கிறது, விமானப்படையின் கையில். உள்ளூர்ச் சிறுவிமானங்கள் இறங்குவதும் உண்டு. கட்டுநாயக்காவைத் தொடாமல் அயல்நாட்டு விமானங்கள் நேரே இங்கு வந்ததற்கும் சான்று உண்டு. 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பியவை துறைமுகத்தின்மேலும் சீனக்குடாவின்மேலும் குண்டு போட்டன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியிலேயே போய் விழுந்தது. நேரடிச் சேவை கேட்டு மனு எழுதுவோர் இந்த முன்னுதாரணத்தைத் தவிர்ப்பது நல்லது.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, சென்னைக்குச் சேவையும் வந்துவிட்டது. வவுனியா வழியாக அதுவும் நீண்ட ஓட்டந்தான்; ஆனாலும் வண்டி வடக்கே போகிறது. ஆகவே சென்னைக்காரர் பலாலியைப் பார்க்கவும். ரொறன்ரோக்காரருக்கு இந்த ஆய்வில் விமோசனம் இல்லை. ஹபரணையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுக் கட்டுநாயக்காவுக்கே போகவும்.