ஏமாற்றத் தெரிந்த பெட்டி

கேள்வி: தொண்ணூறுகளின் ஜப்பானியக் கார்களுக்கு வேகம் கூட்டிய, இன்று தயாரிப்பிலேயே இல்லாத பாகங்களுக்காக ஏங்குகிறார்களே, போன இளமையைத்தானே தேடுகிறார்கள்?

பதில்: அப்படியானால், அன்று பிறந்தேயிராதவர்கள் அபெக்ஸி நிறுவனத்தின் பழைய சூப்பர் ஏஎஃப்சி பெட்டியை ஏன் தேட வேண்டும்? உள்ளங்கையளவுப் பெட்டி அது. காற்றளவு சென்சாரிலிருந்து என்ஜின் கணினிக்குப் போகும் சிக்னலை வழிமறித்துச் சற்றே மாற்றி அனுப்பும். கணினியும் நம்பி எரிபொருளைக் கூட்டும், குறைக்கும். அதன் குமிழைத் திருப்புகிறவர் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கற்றே ஆகவேண்டும். தப்பினால் பிஸ்டன் உருகும். ஏக்கத்தின் வேர் அந்தக் கல்விதான். லேப்டாப்பைச் செருகிக் கணினியின் நிரலையே திருத்தும் இன்றைய முறை மேலானது என்பார்கள். மறுக்கவே முடியாது, அந்தப் பெட்டியில் எரிபொருளைக் குறைத்தால் பற்றவைப்பு நேரமும் கேட்காமலே முன்னே நகரும்.

ஆனால் அந்தப் பாகங்களின் சந்தையைச் சாய்த்தது நுட்பம் மட்டுமல்ல. மாசுக் கட்டுப்பாடு இறுகியதில் சுப்ரா, சில்வியா, ஆர்எக்ஸ்-7, ஸ்கைலைன் ஜிடி-ஆர் நான்கும் 2002-இல் நின்றன. காரே இல்லாதபோது டர்போ யாருக்கு? இத்தகைய பாகங்களை விற்ற கிரெட்டி பிராண்டின் தாய் நிறுவனமான டிரஸ்ட் 2008-இல் திவால் பாதுகாப்பு கோரி, பிறகு மீண்டது. பிராண்டுகள் இப்படித் திரும்பிவரலாம். ஆனால் பெட்டியை எந்தக் காரில் எந்த வயரோடு இணைப்பது என்று மாடல் வாரியாக அச்சிட்டுத் தந்த வரைபடங்களைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். அவை இல்லாமல் அந்தப் பெட்டிகளைப் பொருத்துவதே கடினம்.