முன்பனிக் காலத்துக் குதிரைச் சவாரி: ஏறலும் ஏறல் நிமித்தமும் – ஓர் ஆய்வு

முதலில் தலைப்பு. 'குதிரை சவாரி'யா, 'குதிரைச் சவாரி'யா என்பதைத் தீர்க்காமல் மேலே போனால் ஆய்வுலகம் மன்னிக்காது. குதிரையின்மேல் செய்யும் சவாரி என்று விரிவதால் இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆகவே வலி மிகும். இலக்கணத்தில் வலி என்றால் வல்லினம். வட இங்கிலாந்தில், டிசம்பரில், 56 வயதில் ஏறுகிறவருக்கு வலி என்றால் இடுப்பு. இரண்டு வகையிலும் மிகுவதால் 'ச்' போட்டே எழுதுகிறேன். மிகாது என்பார் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

ஆய்வாளன் தகுதி: முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்து, 'ஆய்வு எல்லை' என்ற இயலை ஏழு முறை திருத்தி எழுதி, எட்டாவது முறை திருத்தச் சொன்னபோது விமானம் ஏறியவன்.

ஆய்வுக் களம், யார்க்‌ஷயரில் ஸ்கிப்டன் பக்கத்து ஒரு கிராமம். ஆய்வுக்கு உட்பட்டோர்: என் பக்கத்து வீட்டம்மா, அவருடைய குதிரை, அவருடைய தாயார். பெயர்களைச் சொல்லமாட்டேன். அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதே கருத்து. இதைப் பார்த்ததும் ஒன்றிலிருந்துதான் மற்றது பிறந்தது என்று நிறுவ நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். நிறுவட்டும். இரண்டு நாள் கருத்தரங்கம், ஆயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம், மதியச் சாப்பாட்டோடு சான்றிதழ்.

ஆகவே பக்கத்து வீட்டம்மா தலைவி. கறுப்பும் வெள்ளையுமாக, அரை டன் எடையில், காப் வகையைச் சேர்ந்த 18 வயதுக் குதிரை தலைவன். படுக்கையில் இருக்கும் 87 வயதுத் தாயார் நற்றாய். காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை வந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும் கேரர், செவிலி. இதில் உவமை ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் அதுதான் பெயர். இவர்கள் நடுவே வாளியும் கையுமாக நிற்கும் நான், மீசை வைத்த தோழி.

இனி முதற்பொருள். நிலம்: சேறு.

பொழுது அவ்வளவு எளிதில்லை. பெரும்பொழுது ஆறு என்பது நம் கணக்கு. இங்கே இரண்டு: மழை, மழை விட்டது போன்ற தோற்றம். சிறுபொழுதும் ஆறு என்று பெயருக்கு உண்டு. ஆனால் டிசம்பர் 21ஆம் தேதி இந்த ஊர்ச் சூரியன் 8:20 தாண்டித்தான் எழுகிறது, 3:50க்குள் படுத்துவிடுகிறது. மற்றதெல்லாம் யாமம். எற்பாடு என்பது பிற்பகலா விடியலா என்று பெரிய உரையாசிரியர்களே முரண்பட்டார்கள். ஒரு டிசம்பரில் ஸ்கிப்டன் வந்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். விடியலுக்கும் சாய்வுக்கும் நடுவே ஒரு காபி ஆறுகிற நேரம்தான்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுத் துணுக்கைச் செருகாமல் இருக்க முடியவில்லை. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிற வழக்கம் இந்த நாட்டுக்கு வந்ததே குதிரைச் சவாரியால்தான். 1905இல் வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழிலதிபர், லண்டனை அடுத்த பெட்ஸ் வுட் காட்டுப் பக்கம் காலையில் குதிரைமேல் போனார். வெயில் ஏறியும் வீட்டு ஜன்னல்களில் திரை விலகவில்லை. மனிதருக்குப் பொறுக்கவில்லை. 1907இல் 'பகல் விரயம்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறு நூல் போட்டார்: ஏப்ரலில் ஞாயிறுக்கு 20 நிமிடமாக, நான்கு ஞாயிறில் 80 நிமிடம் கடிகாரத்தை நகர்த்த வேண்டும். 1915இல் இறந்தார்; 1916இல் சட்டம் வந்தது, ஒரு மணி நேரக் கணக்கில். பெட்ஸ் வுட்டில் அவருக்கு நினைவுச்சின்னமாக ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. அது கோடை நேரத்தை மட்டுமே காட்டும். குளிர்காலம் முழுக்க ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கல்லைத்தான் என் தலைவி தன் குலதெய்வமாகக் கொள்ள வேண்டும்.

கருப்பொருளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெய்வம், வானிலை அறிவிப்பு. புள், ராபின். பூ இல்லை. உணவு, காய்ந்த புல். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்தால் தலைவனுக்கு நாளுக்குப் பத்துக் கிலோ. நீர், நாளுக்கு 25 முதல் 40 லிட்டர், மேலே ஐஸ் படிந்தது. சில்லிட்ட தண்ணீரைக் குதிரை குறைத்துக் குடிக்கும். குறைத்துக் குடித்தால் குடலில் புல் இறுகி வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் சாவு வரைக்கும் போகும். ஆகவே விடியுமுன் ஆறரை மணிக்கு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, சுத்தியலால் ஐஸை உடைப்பது தொழில். (காண்க: என் வலக்கைக் கட்டைவிரல், நகம்.)

இப்போது உரிப்பொருள். இதுதான் ஆய்வின் உயிர். குறிஞ்சிக்குப் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்பதுபோல் இந்தத் திணைக்கு ஏறலும் ஏறல் நிமித்தமும். நான் கண்டுபிடித்தது இது: குளிர்காலத்தில் நிமித்தம் மட்டுமே உண்டு.

நிமித்தங்களில் தலையாயது ரக். ரக் என்பது குதிரைக்குப் போர்த்தும் போர்வை. குதிரைக்கு இயற்கையே ஒரு கம்பளம் கொடுத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் மயிர் தானாக அடர்ந்துவிடும். அந்த மயிரோடு ஏறி ஓட்டினால் வியர்க்கும். வியர்வை டிசம்பரில் சீக்கிரம் காயாது. காயாமல் இருட்டில் விட்டுவிட்டுப் போனால் குளிர் பிடிக்கும். ஆகவே மயிரைக் கத்தரிக்க வேண்டும். கத்தரிப்பதிலும் சம்பிரதாயங்கள் உண்டு: நெஞ்சில் மட்டும் எடுப்பது பிப், வயிற்றோரம் எடுப்பது டிரேஸ், முதுகில் போர்வை வடிவத்தை விட்டு எடுப்பது பிளாங்கெட், காலையும் சேணத்தடியையும் விட்டு மொத்தமாக வழிப்பது ஹண்டர். கத்தரித்த குதிரைக்குக் குளிரும். ஆகவே ரக். மைதானத்துக்கு ஒரு ரக், லாயத்துக்கு ஒரு ரக். வெயிலடித்தால் மாற்ற வேண்டும், மழையில் ஊறினால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்குக் காலையும் மாலையும் போக வேண்டும். போய் மாற்றி, நனைந்ததை உலரப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஏறுவதற்கு வெளிச்சம் இருக்காது. ஏறாத குதிரைக்கு எதற்காக மயிரைக் கத்தரித்தோம் என்று கேட்டேன். தலைவி என்னை உரையில்லாத மூலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ரக்கின் கனத்தைக் கிராமில் சொல்வார்கள். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் பஞ்சு என்று பொருள். 0, 50, 100, 200, 300 என ஏறிக்கொண்டே போகும். நான்கு டிகிரிக் குளிரில் எத்தனை கிராம் என்பதில் எங்கள் லாயத்தில் மூன்று பள்ளிகள் இருக்கின்றன. இருநூறார் காற்றைக் காரணம் காட்டுவர். முந்நூறார் தங்களுக்கே குளிர்வதைக் காரணம் காட்டுவர். வெறுமேனியார், கத்தரிக்காத குதிரை பூஜ்யத்துக்குக் கீழேயும் தாங்கும், காற்றும் மழையும் சேர்ந்தால்தான் ஆகாது என்பர். வெறுமேனியார் சொல்வதுதான் சரி. அதனாலேயே அவர்களோடு யாரும் தேநீர் குடிப்பதில்லை.

ரக் ஆய்வுக்குச் சான்றாதாரம் லாயத்து வெள்ளைப் பலகை. அதன் இரண்டாம் வரியில் தலைவி எனக்கு எழுதிவைத்த குறிப்பு, 'ராத்திரிக்குக் கனமான ரக்' என்பது. ஈரக் கை பட்டு எழுத்து கலைந்ததால் 'ரக்' என்பதை 'ரம்' எனப் பாடம் கொள்வாரும் உளர். குளிரை நோக்க அதுவும் பொருந்தும். (காண்க: மேற்படிப் பலகை, கீழ்ப்பகுதி, வைக்கோல் தூசி படிந்த படி, அதன் மறுபடி, என் உள்ளங்கை, பேனா மை, கழுவுவதற்கு முந்தையது, ஒப்பு நோக்குக: தலைவி வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் நற்றாயின் மாத்திரைப் பட்டியல், இடப்பக்க ஓரம், ரக் கணக்கு. இதன் வலப்பக்கம் கிடைக்கவில்லை. தலைவியின் கோட்டுப் பையில் கேரட்டோடு இருந்தபோது தலைவன் இரண்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது.) உ.வே.சா. தேடிய ஏடுகளுக்குச் செல் பகை. எனக்குக் குதிரை.

செலவைப் பற்றித் தலைவி பேசமாட்டார். குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலுக்குப் போனது திருவாதவூரர் மரபு. வேறு எதற்கோ வைத்திருந்த பணமெல்லாம் குதிரைக்குப் போவது யார்க்‌ஷயர் மரபு.

அடுத்து, குறி. தலைவனைச் சந்திக்கப் பகற்குறி, இரவுக்குறி என இரண்டு உண்டு என்பது நூல். இரவுக்குறிக்கு விளக்குப் போட்ட மணல் மைதானம் வேண்டும். எங்கள் லாயத்தில் ஒரு குண்டு பல்புதான். இருட்டுச் சாலையில் குதிரையோடு போவது கிறுக்குத்தனம். குதிரையைக் கடக்கும் கார் மணிக்குப் பத்து மைலுக்கு மிகாமல், இரண்டு மீட்டராவது விலகிப் போக வேண்டும் என்று 2022இல் சாலை விதியில் சேர்த்தார்கள். இரு பக்கமும் கல்சுவர் கட்டிய எங்கள் சந்தில் அந்த இரண்டு மீட்டருக்குக் காரோட்டி எங்கே போவார்?

ஆகவே பகற்குறி. காலை எட்டு மணிக்குச் செவிலி. ஒன்பதிலிருந்து தலைவிக்கு வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதும் வேலை. பன்னிரண்டரைக்கு நற்றாய்க்குச் சூப், அது தலைவியின் முறை. 1:15க்கு நான் வந்து நற்றாய் பக்கத்தில் உட்கார, தலைவி கிளம்புவார். மறுபடி செவிலி வருவது நாலரைக்கு. அதற்குள் திரும்ப வேண்டும். காகிதத்தில் மூன்றே கால் மணி நேரம். இருட்டிவிடுவதால் உண்மையில் இரண்டரை. காரில் போக 15 நிமிடம். வயலின் கடைக்கோடியில் பின்புறம் காட்டி நிற்கும் தலைவனை இரண்டு கேரட் காட்டிப் பிடிக்க 15. சேறு காய்ந்து சிமெண்டாகிவிட்ட வயிற்றைத் தேய்க்க 25. சேணம் போடும் இடத்தில் ஒரு மண்துகள் இருந்தாலும் புண்ணாகும். கணுக்காலில் ஈரம் நின்றால் தோல் வெடித்து 'மட் ஃபீவர்' வரும். ஆகவே நான்கு காலும் பார்க்க 10. குளம்பு சுரண்ட 5. சேணம், கடிவாளம் 10. இறங்கியபின் லத்தி அள்ளவும் புல்லுக்கும் தண்ணீருக்கும் ரக்குக்கும் 40. மிச்சம் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் போன் அடிக்கும். சாலையில் ஐஸ் என்பதால் செவிலி இன்று மூன்று மணிக்கே வருகிறார் என்று அவருடைய அலுவலகத்திலிருந்து செய்தி. இதற்கு நம் நூல்கள் 'குறி இடையீடு' என்று பெயர் வைத்தபோது நாய் குரைப்பதையும் நிலவு காய்வதையும் மட்டுமே நினைத்தார்கள்.

ஏறல்: ஜனவரியில் இரண்டு முறை. குதிரைக்கு ஐந்து கதி உண்டு என்பர். அந்த மாதம் நாங்கள் பார்த்தது ஆறாவது, அதோகதி.

இறுதியாக அறத்தொடு நிற்றல், அதாவது களவைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துவது. அந்த இரண்டில் ஒரு நாள் இது நேர்ந்தது. தலைவி சேணத்தில் இருந்தார். போனைக் காரிலேயே விட்டிருந்தார். மூன்று மணிக்குச் செவிலி வந்துவிட்டார். கோட்டயத்துக்காரர். எங்களுக்குள் பேசிக்கொள்வது தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஒரு மொழியியலாளர் ஒட்டுக்கேட்டால் மூலத்திராவிடம் என்று பதிவுசெய்துவிடுவார். காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, வந்த நேரத்தைப் போனில் பதிந்துவிட்டுக் கேட்டார்:

"சேட்டா, மேடம் எவிடெ?"

"குதிரைகிட்ட."

நற்றாயைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்து, மாத்திரையைக் கரண்டியில் தயிரோடு கொடுத்தார். நடுநடுவே போனைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கவனிக்கும் வருகை பொதுவாக அரை மணிக்குக் குறையக் கூடாது என்று 'நைஸ்' என்னும் சுகாதாரத் தர நிர்ணய அமைப்பு 2015இல் வழிகாட்டியது. அந்த அரை மணி இவர் போனில் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"குதிரைக்கு ஒரு விசிட் எத்ர மினிட்டு?"

"காலையில ஒன்றரை மணி நேரம். மத்தியானம் ரெண்டரை."

அவர் நற்றாயின் வலது காலுறையை மேலே இழுத்துவிட்டார். இடது காலுறையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"அவிடெ ஆளு எடுக்குமோ, சேட்டா?"