மருமவன் வீட்டு வாயுத் தொல்லை

மருமவனே, உன் கடல்மீன் தொட்டிக்கு மாட்டியிருக்கிற கால்சியம் ரியாக்டரைப் பார்த்தேன். குழாய் உச்சியில நாலு விரக்கடை காத்து நிக்குது, பம்பு கடகடன்னு பல்லைக் கடிக்குது. அந்தமான் மின்னி பேயில வாசலைத் திறந்தா கடல். நீ வீட்டுக்குள்ள தனியா ஒரு கடல் வச்சு அதுக்கு வைத்தியமும் பார்க்கிற. காசுள்ளவன் சொகம், நான் எதுக்குக் கண்ணு வைக்கணும்?

இது வயித்து வாயுதாம்ப்பா. ஓமத்தண்ணி ஊத்த வழியில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். சிலிண்டர்ல வர்ற கரியமில வாயு தண்ணியில கரைஞ்சு, பிஎச் 6.5, 6.7னு இறங்கினாத்தான் உள்ள கிடக்குற பவளக்கல்லு கரைஞ்சு தொட்டிக்குக் கால்சியம் தரும். நீ அவசரக்காரன், குமிழியைத் தாறுமாறாத் தொறந்து விட்டுட்டே. கரைஞ்சது போக மிச்சம் உச்சிக்கு ஏறிடுச்சு. அதை உறிஞ்சுன பம்பு சத்தம் போட்டதும் புதுப் பம்பு வாங்கினே பாரு, கடைக்காரன் உன்னைக் குலசாமியா நினைச்சிருப்பான்!

மொதல்ல வெளிய சொட்டுற வால்வைக் கழட்டு. சுண்ணாம்பு படிஞ்சு அடைச்சிருக்கும், வினிகர்ல ஊறப்போடு. தண்ணி நகராம வாயு மட்டும் வந்தா தேங்கத்தானே செய்யும்? உள்ள கல்லு கரைஞ்சு தீர்ந்திருந்தாலும் இதே கதைதான், வாயுவைத் தின்ன ஆளிருக்காது. பிறகு சிலிண்டரை மூடிட்டு, பம்பை மட்டும் ஓட விட்டுப் பாரு. உச்சிக் காத்து கொஞ்சங்கொஞ்சமா சுருங்குச்சுன்னா அது கரியமில வாயு. குமிழியைக் குறைச்சாப் போதும். அசையாம நின்னா அது வெறுங்காத்து. பம்பு உறிஞ்சுற பக்கத்து மூட்டு எங்கேயோ இழுக்குது. அங்க தண்ணி ஒழுகாது, அதான் உன் கண்ணுல படலை. மேல் திருகைத் திறந்து காத்தை வெளியேத்தும்போது ஜன்னலையும் திறந்து வை.

கல்லு தீர்ந்துச்சுன்னு கார்பின்ஸ் கோவ் கரைக்குப் பவளம் பொறுக்கப் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினியாமே? செத்த பவளமும் 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துக்குள்ளதான் வருது, முதல் அட்டவணை. ஏர்போர்ட்டுல வெள்ளைக்காரன் பையிலயிருந்தே தோண்டி எடுக்கிறாங்க, உன் பை எம்மாத்திரம்? தூத்துக்குடிப் பக்கம் முருகைக்கல்லை, அதான் பவளத்தை, வெட்டிச் சுண்ணாம்புக்காகக் காளவாயில சுட்டாங்க. அப்ப அந்தக் கல்லுலயிருந்து வெளிய போனதும் இதே கரியமில வாயுதான். அதைக் காசு குடுத்து வாங்கித் திரும்பவும் கல்லுக்குள்ள விடுறவன் நீ ஒருத்தன்! மன்னார் வளைகுடாவுல வெட்டுன வெட்டுல விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவே தண்ணிக்குள்ள போயிருச்சு.

சரி, உன் தொட்டியில யாரு இருக்கா? ரெண்டு கோமாளி மீனு, ஒரு இறால். கால்சியத்தை அள்ளித் தின்னுற கல்பவளத்தை வீட்டுல வளர்க்கச் சட்டம் விடாது. கடல் தண்ணியிலயே லிட்டருக்கு 400 மில்லிகிராம் சொச்சம் கால்சியம் இருக்கு, அப்பப்ப தண்ணியை மாத்துனா இதுகளுக்கு அது தாராளம். அந்த சிலிண்டரை என்ன விலைக்குத் தர்றே? சோடா போடுற ஒருத்தன் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கான்.