ராட்போர்னின் நடுவிரல்: ஒரு நுண்ணாய்வு

அமெரிக்க பேஸ்பாலின் ஆதிகாலப் பந்துவீச்சாளர் சார்லஸ் ராட்போர்னைப் பற்றி எழுதியோர் அவருடைய கையைப் புகழ்ந்த அளவுக்கு நடுவிரலை ஆராயவில்லை. 1886-ஆம் ஆண்டுப் போட்டிகளின் தொடக்கத்தில் பாஸ்டன், நியூயார்க் அணிகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படத்தில், பின்வரிசை ஓரத்தில் நிற்கும் ராட்போர்ன் அந்த ஒரு விரலை மட்டும் நீட்டியிருக்கிறார். இந்தச் சைகை பதிவான மிகப் பழைய நிழற்படம் இதுவே என்பர். அது வெறும் வசை அன்று, முதலாளிகளுக்கு ஒரு தொழிலாளி சமர்ப்பித்த மனு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்று 1884-இல் கிடக்கிறது. அப்போது பிராவிடன்ஸ் அணியில் இருந்த ராட்போர்னை, முனைப்பாக ஆடவில்லை என்று ஜூலையில் இடைநீக்கம் செய்தார்கள். சில நாளில் மற்றொரு பந்துவீச்சாளர் ஸ்வீனியும் குடித்துவிட்டுச் சண்டையிட்டு வெளியேற, நிர்வாகம் ராட்போர்னையே தேடி வந்தது. சம்பள உயர்வு வேண்டும், ஆண்டு முடிந்ததும் விடுவிக்க வேண்டும் என்பன அவருடைய நிபந்தனைகள். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் பழைய முதலாளிக்கே உரியவர் என்ற விதி நிலவிய காலம் அது. விதியிலிருந்து தப்பும் ஆசையில் அவர் செய்த வேலையைப் பாருங்கள்: 73 ஆட்டங்களைத் தொடங்கி, 73-ஐயும் தாமே முடித்தார், 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 441 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். வெற்றிகள் 59-ஆ 60-ஆ என்று அறிஞர்கள் இன்றும் பூசலிடுகிறார்கள். தலை வாரக்கூடக் கை உயராமல் தவித்தார் என்று சொல்லப்படும் மனிதருக்கு அந்த ஒன்றால் என்ன ஆகப்போகிறது!

விடுதலை கிடைத்தும் 1885-இல் அதே அணிக்கு ஏன் கையெழுத்திட்டார் எனின், நல்ல கேள்விதான். சம்பளம் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஆண்டு முடிவில் அணி கலைக்கப்பட்டது. ராட்போர்ன் பாஸ்டன் கைக்குப் போனார். நாம் ஆராயும் படம் புதிய முதலாளியின் சீருடையில் எடுத்தது என்பதைக் கவனிக்க. விரல் எதிரணியை நோக்கியதே என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? எதிரணி பக்கத்தில் இருக்கிறது, விரலோ கேமராவைப் பார்க்கிறது. மேலும், அடுத்த ஆண்டு சிகரெட் பெட்டிக்காக எடுத்த அட்டைப்படத்திலும் அதே விரல் நீண்டிருக்கிறது; அங்கே நியூயார்க்காரர் எவரும் இல்லை. தற்செயலாக நீண்டதென்றால், விரல்களை ஆள்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது இருமுறை நேருமா?

1897-இல் தம் 42-ஆம் வயதில் இறந்த ராட்போர்னை 1939-இல் கூப்பர்ஸ்டவுன் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். அங்குள்ள வெண்கலப் பலகையில் அவருடைய முகம் இருக்கிறது, விரல் இல்லை. இது ஆவணத்தின் குறைபாடு.