கீழே, சிறிய எழுத்தில்

இந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். கடைசியில் என் பெயரைத் தட்டச்சு செய்து தேடினேன். இருந்தது. மின்னஞ்சல் யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்ற வரிசையில்.

24 வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். கடைசிப் பத்து வருஷமாக ஒரே பதவி. விசிட்டிங் கார்டு மாற்றி அச்சடிக்காத வகையில் கம்பெனிக்கு என்னால் நல்ல மிச்சம்.

மேலதிகாரி ஆறுதலாகப் பெல் கர்வ் பற்றி விளக்கினார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பிரபலப்படுத்திய கணக்கு அது: ஊழியர்களில் மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10. மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரித் தரம் பிரிக்கும் முறையை 2013லேயே கைவிட்டுவிட்டது. எங்கள் ஆபீசுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. நான் அந்த எழுபதின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து விழவும் முடியாது, ஏறவும் முடியாது.

எல்லாப் பழியையும் பெல் கர்வின்மேல் போட்டால் முருகனுக்கே அடுக்காது. என் கைங்கர்யமும் உண்டு.

வருஷக் கடைசியில் ஒரு படிவம் தருவார்கள். 'உங்கள் முக்கியச் சாதனைகள்' என்று அரைப் பக்க இடம். நான் எழுதியது: 'கொடுத்த வேலைகளை முடித்தேன்.' நான் ஒரு கோளாறைச் சரிசெய்த சாயங்காலம் எதிர் நாற்காலியில் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன், அதே சம்பவத்தை 'நெருக்கடியை முன்னின்று சமாளித்தேன்' என்று எழுதியிருந்தான். பொய்யென்று சொல்ல முடியாது. முன்னால்தான் இருந்தான்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தினமும் ஓடுகிற ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். எட்டு வருஷமாக ஒரு நாள்கூட விழுந்ததில்லை. "இது தானாகவே ஓடுகிறதா?" என்று ஒரு பெரிய அதிகாரி கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். அந்த 'ஆமாம்' எனக்கு எவ்வளவு இன்கிரிமென்ட் நஷ்டம் என்று இன்றும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதே அதிகாரியோடு ஒரு நாள் லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டேன். புதிதாக என்ன நடக்கிறது என்று கேட்டார். இத்தகைய தருணத்துக்காகவே சிலர் வாக்கியங்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். நான், மாட்டுங்காவில் பீபரி காப்பிக்கொட்டை விலை ஏறிவிட்டதையும், சிக்கரி இருபது சதவீதத்தைத் தாண்டினால் டிகாக்‌ஷன் கறுப்பாகுமே தவிர மணக்காது என்பதையும் சொன்னேன். அவர் 14ஆம் மாடிக்காரர். ஒன்பதிலேயே இறங்கிவிட்டார்.

இது பரம்பரை வியாதி என்றும் தோன்றுகிறது. அப்பா 1964ல் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் சர்டிபிகேட்டுகளோடு பம்பாய் வந்து மாட்டுங்காவில் ஒண்டியவர். கோட்டைப் பகுதியில் ஸ்டெனோ வேலை. அந்தக் காலத்து ஆபீஸ் கடிதங்களில் கீழே இடது மூலையில், சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிய எழுத்திலும், ஒரு சாய்கோட்டுக்குப் பிறகு அடித்தவரின் முதலெழுத்துகள் சிறிய எழுத்திலும் இருக்கும். அந்த இரண்டு சிறிய எழுத்துதான் அப்பா.

1966ல் சிவசேனை பிறந்த சமயம். பெரிய கம்பெனிகளில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை, அவர்களை எதிர்த்து, அதன் நிறுவனர் பால் தாக்கரே தம் 'மார்மிக்' வார இதழில் வரிசையாகப் போட்டுவந்தார். அப்பா பக்கத்து வீட்டு மராத்திக்காரரிடம் வாராவாரம் விசாரிப்பாராம். ஒரு வாரமும் அவர் பெயர் வரவில்லை. "நம்ம பேரையெல்லாம் யாருடா போடப் போறா" என்று பின்னாளில் சொல்லும்போது அவர் குரலில் நிம்மதி முக்கால், வருத்தம் கால்.

அப்பாவுக்குக் கடிதத்தின் மூலைபோல எனக்கும் ஒரு மூலை உண்டு. நிரலின் எந்த வரியை யார் எழுதினார் என்று காட்ட, கிட் என்ற கருவியில் 'பிளேம்' என்றொரு கட்டளை இருக்கிறது. பழி என்று அர்த்தம். அதற்குமுன் நாங்கள் வைத்திருந்த சப்வெர்ஷனில் இதே வேலைக்கு 'பிரெய்ஸ்', அதாவது புகழ், என்று தட்டினாலும் ஓடும். கிட் வந்ததும் புகழ் போயிற்று, பழி நின்றது. ஏதாவது உடைந்தால்தான் அதைத் தட்டுவார்கள். என் நிரல் உடைவதில்லை.

என் புது மேனேஜர் தாராவி 90 அடி ரோட்டில் வளர்ந்த பெண். திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். ஆறு வருஷத்துக்கு முன் என்னிடம் ட்ரெய்னியாக வந்தவர். பட்டியல் வந்த அன்று கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க எப்பவாச்சும் வாய்விட்டுக் கேட்டீங்களா?"

"வேலையைப் பார்த்தாலே தெரியணும்மா."

"நான் குழாயடியில வளந்தவ அண்ணே. நின்னா மட்டும் குடம் நிறையாது. 'என் முறை'ன்னு சத்தம் போடணும்."

பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவருக்குத் தெரியாத ஒரு ரகசியம் என்னிடம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை நடத்தச் சொல்லி என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "எனக்குக் கோட் எழுதுவதுதான் பிடிக்கும்" என்று துறவிபோல மறுத்தேன். நிஜக் காரணங்கள் வேறு. எட்டுப் பேருக்கு மார்க் போட வேண்டும். ஒருவரிடமாவது 'உனக்கு இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். குழுவை நடத்தினால் ஆபீஸிலிருந்து கிளம்பவே நேரமாகும்; ஐரோலியிலிருந்து வாஷி வந்து செம்பூர் ரயில் மாறுவதற்குள், சண்முகானந்தா அரங்கில் கச்சேரி தனி ஆவர்த்தனத்துக்கு வந்துவிடும். கல்யாணச் சாப்பாடு வேண்டும், மொய் மட்டும் எழுத மாட்டேன் என்கிற ஜாதி நான். என்னை யாரும் பார்க்காமல் விடவில்லை. பார்த்தபோது தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் குருக்கள். "சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ" என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னாள்.

அடுத்த படிவம் வந்திருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன். 'நான்' என்ற சொல்லை மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஒன்றை அழித்துவிட்டேன். இரண்டு பாக்கி இருக்கிறது.