ஒரு ரூபாய் வட்டி

1991 ஜூலையில் இந்திய அரசு சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அடகுக்கு அனுப்பியது. அதே மாதத்தில் எங்கள் அம்மா கம்மலைக் கழற்றி, திருத்தணி கடைத்தெருவுக்கு நடந்தே போனாள். அரசுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 40 கோடி டாலர். அம்மாவுக்கு 600 ரூபாய். நாட்டுக்கு மன்மோகன் சிங் இருந்தார். எங்களுக்கு மலைமேல் ஒருவர் இருந்தார். அவர் பட்ஜெட் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் இரண்டு விசைத்தறி. லுங்கி ஓடும். நூல் கடனுக்கு வரும். அந்த வருஷம் பாவு தீர்ந்து தறி நின்ற ராத்திரிகளில் எங்களுக்குத் தூக்கமே வரவில்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நின்றால்தான் பயம்.

1960 ஏப்ரல் 1-ம் தேதி ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் எங்களுடையது. ஆனாலும் எங்கள் தெருவில் கடனைத் தெலுங்கில்தான் கேட்பார்கள். நூல் முதலாளி வாசலில் சைக்கிளை நிறுத்தினால் நைனா எழுந்து நின்று, "ரேப்பு ரண்டி" என்பார். நாளைக்கு வாங்க. அதைத் தமிழில் சொன்னால் ஏமாற்றுக்காரன் பேச்சு. தெலுங்கில் என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது.

தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா மஞ்சத்துணியில் 11 ரூபாய் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஐப்பசியில் ஒருநாள் அடுப்பு எரியவில்லை. அம்மா படத்தின் முன்னால் நின்று, யாரிடமோ சண்டைக்குப் போவதுபோல, "கைமாத்துதான், திருப்பிக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். அன்றைக்கு நொய்க்கஞ்சி. ஆன்மபலம் என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பல்தான் ஞாபகம் வரும்.

டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழா. வெள்ளைக்காரன் காலத்தில் புத்தாண்டுக்கு எலுமிச்சம்பழத்தோடு துரை வீட்டு வாசலில் நின்ற ஜனங்களை, துரைக்கெல்லாம் துரை இங்கே இருக்கிறார் வாருங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் மலைக்குத் திருப்பிவிட்டதில் தொடங்கியது அது. மொத்தம் 365 படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். அந்த வருஷம் நைனா பாதிப் படியில் கற்பூரம் ஏற்றக் குனிந்தார். அதே படியில் இன்னொரு கை தீக்குச்சி கிழித்தது. நூல் முதலாளி! நைனா வாய் திறப்பதற்குள் அவர், "இங்க அது வேணாம்பா" என்றார். இருவரும் ஒரே கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே ஏறினார்கள். சூரனோடு போர் முடித்து முருகன் கோபம் தணிந்த இடம் இது. அதனால்தான் கந்தசஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான்.

மறுநாள் காலை 7 மணிக்கு வாசலில் சைக்கிள் மணி. தணிந்ததெல்லாம் மலையோடு சரி.

இப்போது என் கதை. 2020-ல் சென்னையில் வேலை போனது. அந்த ஆடிக்கிருத்திகைக்குக் கோயிலிலும் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. வேலையை விட்டு அனுப்பியவர்கள் நல்லவர்கள். மனவலிமைக்காக ஒரு தியானச் செயலிக்கு மூன்று மாத இலவசச் சந்தா கொடுத்து அனுப்பினார்கள். மூச்சை இழுங்கள், விடுங்கள் என்று ஒரு பெண் குரல் சொல்லும். நானும் இழுத்தேன், விட்டேன். நான்காவது மாதம் அது தானாகவே என் கணக்கில் கை வைத்தது. அமைதிக்குச் சந்தா 399 ரூபாய். அந்த 399 கணக்கில் இல்லாததற்கு வங்கி போட்ட அபராதம் 295.

பிறகு வேலை கிடைத்தது, கடனில் ஒரு காரும் வந்தது. போன டிசம்பர் 31-க்கு மலைப்பாதையில் காரிலேயே போகலாம் என்றேன். அம்மா முதல் படியில் மஞ்சளைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். பாதிப் படியில் போன். அந்த மாதத் தவணை தவறியிருந்தது.

"கோயில் படியில இருக்கேன் சார்."

"எந்தப் படியில இருந்தாலும் இன்னிக்குள்ள கட்டணும் சார்."

"ரேப்பு ரண்டி" என்றேன், பழக்கதோஷத்தில். அந்தத் தம்பிக்குத் தெலுங்கு தெரியவில்லை. "சரியா கேக்கல சார்" என்றான். அம்மா போனை வாங்கி அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த படிக்குப் போனாள்.

அம்மா வாங்கிய 11 ரூபாயை 1992 தைக்கிருத்திகைக்கே, ஒரு ரூபாய் வட்டி சேர்த்து உண்டியலில் போட்டுவிட்டாள். அரசும் தன் தங்கத்தை 1991 முடிவதற்குள் மீட்டுவிட்டது. கம்மல்தான் திரும்பவில்லை.